பயன்பாடு என்பது பழிச்சொல்லா?
அன்வர் ஜலால் ஷெம்ஸாவின் கலையை முன்வைத்து

இஸ்லாமியக் கலை பற்றி நம்மவர் எழுதும் கட்டுரைகளில் நெடுங்காலமாக ஒரு தற்காப்புத் தொனி கேட்டு வருகிறது. அல்ஹம்ராவையும் தாஜ்மகாலையும் இஸ்ஃபஹான் பள்ளிவாசல்களையும் வரிசைப்படுத்தி, ‘எங்களிடமும் கலை இருந்தது’ என்று நிறுவுவதே அக்கட்டுரைகளின் நோக்கமாக இருக்கும். யாரிடம் நிறுவுகிறோம், எந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டு நிறுவுகிறோம் என்ற கேள்வி எழுவதே இல்லை. வழக்கு மன்றத்தையும் சட்டத்தையும் எதிர்த்தரப்பே வகுத்துவிட்ட பின்னர், நாம் சாட்சிகளை மட்டும் அடுக்கிக் கொண்டிருக்கிறோம். இந்நிலையை ஓர் ஓவியரின் வாழ்வையும் ஆக்கங்களையும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவர் இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில் பள்ளி ஓவிய ஆசிரியராக வாழ்ந்து மறைந்த அன்வர் ஜலால் ஷெம்ஸா.

ஷெம்ஸா 1928இல் சிம்லாவில் பிறந்தார். கம்பள வணிகமும் படைத்துறைச் சீருடைகளுக்கான பூவேலைத் தொழிலும் அவருடைய குடும்பத்தின் பிழைப்பாக இருந்தன. லாஹூரில் பாரசீகம், அரபு, தத்துவம் ஆகியவற்றைச் சிறிது காலம் பயின்று, பின்னர் அந்நகரின் மேயோ கலைப்பள்ளியில் சேர்ந்து 1947இல் படிப்பை முடித்தார். உருது நாவல்கள் எழுதினார். வானொலி நாடகங்கள் எழுதினார். இலக்கிய இதழொன்றை நடத்தினார். 1952இல் உருவான லாஹூர் கலை வட்டத்தின் நவீன ஓவியர்களுள் ஒருவராக அறியப்பட்டார். 1956இல் மேற்படிப்புக்காக இலண்டன் ஸ்லேட் கலைப்பள்ளிக்குச் சென்றார். சொந்த நாட்டில் பெயர் பெற்றிருந்த ஒருவர் அங்கே மீண்டும் மாணவர் வரிசையில் அமர நேர்ந்தது.

அங்கே நடந்த ஒரு நிகழ்ச்சியை ஷெம்ஸாவே பின்னாளில் எழுதியிருக்கிறார். கலை வரலாற்று வகுப்பில் பேராசிரியர் எர்ன்ஸ்ட் கோம்பிரிச், 1950இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற ‘கலையின் கதை’ நூலின் இஸ்லாமியக் கலை பற்றிய பகுதிக்கு வந்தார். அக்கலை ‘பயன்பாடு சார்ந்தது’ என்ற கருத்து அங்கே சொல்லப்பட்டது. ஷெம்ஸா நிலைகுலைந்தார். தாம் அதுவரை வரைந்து வைத்திருந்தவற்றை அழித்தார். நான் யார், என் கலையின் வேர் எது என்ற கேள்வியுடன் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார்.

ஷெம்ஸாவைப் பற்றி எழுதும் திறனாய்வாளர் பெரும்பாலோர் இந்நிகழ்ச்சியையே தொடக்கப் புள்ளியாகக் கொள்கின்றனர். அதன் பின் அவர் படைத்தவை அனைத்தும் கோம்பிரிச்சுக்கு அளித்த மறுமொழி என்றும், இஸ்லாமியக் கலையும் ‘தூய கலை’யே என்று அவர் மெய்ப்பித்துவிட்டார் என்றும் முடிவு கட்டுகின்றனர். இந்த வாசிப்பு ஓவியரைப் பெருமைப்படுத்துவது போலத் தோன்றினாலும், உண்மையில் பேராசிரியரின் அளவுகோலுக்கே மகுடம் சூட்டுகிறது. பயன்பாடு சார்ந்த கலை தாழ்ந்தது, பயனற்ற கலையே உயர்ந்தது என்ற கருத்தை அது கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறது. ஷெம்ஸாவின் ஓவியங்களைக் கூர்ந்து பார்த்தால் அவை வேறொன்றைச் சொல்வதைக் காணலாம். அவர் அந்தச் சொல்லை மறுக்கவில்லை. மெல்ல மெல்ல அதைத் தமதாக்கிக் கொண்டார் என்பதே என் கருத்து.

பேராசிரியருக்கும் நாம் நீதி செய்ய வேண்டும். கண்ணால் காணும் உலகை மனிதன் எவ்வாறு படமாக்கக் கற்றான் என்பதே ‘கலையின் கதை’ சொல்லும் கதை. அக்கதையில் இஸ்லாமிய உலகும் சீனாவும் சேர்ந்தே ஒரே அத்தியாயத்தில் அடங்கிவிடுகின்றன. கதையின் கரு அப்படி அமைந்திருப்பதால் கோலங்களுக்கும் எழுத்துகளுக்கும் அதில் மைய இடம் கிடைக்க வழியில்லை. அதே கோம்பிரிச் 1979இல், அணி வேலைப்பாட்டின் உளவியலை மட்டுமே ஆராயும் ஒரு பெருநூலை ‘ஒழுங்கின் உணர்வு’ என்ற தலைப்பில் வெளியிட்டார். முதல் நூலில் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்த பொருள் அவருக்கே ஒரு முழு நூலைக் கோரியது என்பதை நம் கட்டுரையாளர்கள் குறிப்பிடுவதில்லை.

*

‘பயன்பாடு’ என்ற சொல்லை நம் மரபின் ஒளியில் பார்ப்போம். அரபு மொழியில் இன்று கலையைக் குறிக்க ‘ஃபன்’ என்ற சொல் வழங்குகிறது. ஆனால் முன்னோர் தம் கைவேலைகளைப் பேசும்போது எடுத்தாண்ட சொல் ‘ஸன்அத்’ அல்லது ‘ஸினாஅத்’. தச்சு, நெசவு, கட்டடம், எழுத்தணி ஆகிய அனைத்தும் இந்த ஒரே சொல்லுக்குள் அடங்கின. திருக்குர்ஆனில் தாவூத் நபி (அலை) அவர்களுக்குக் கவச உடை செய்யும் தொழில் கற்பிக்கப்பட்டதைக் கூறுமிடத்தில் (21:80) இந்த ‘ஸன்அத்’ என்னும் சொல்லே ஆளப்பட்டுள்ளது. கவசம் உயிர் காக்கும் பொருள். அதாவது முழுக்க முழுக்கப் பயன்பாட்டுப் பொருள். எனினும் அதே தாவூத் நபியைப் பற்றிய மற்றோரிடத்தில் (34:11) கவசத்தின் வளையங்களை அளவோடு இணைக்குமாறு கட்டளையிடப்படுகிறது. அதை அடுத்தே நற்செயல் புரியுமாறும் கூறப்படுகிறது. பயனும் அளவும் அறமும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. அல்லாஹ்வின் படைப்பைப் பேசுமிடத்திலும் (27:88), எல்லாவற்றையும் செவ்வனே உறுதிபெறச் செய்த அவனது ‘ஸுன்உ’, அதாவது அவனது கைத்திறன், என்ற சொல்லாட்சியையே காண்கிறோம். ‘இத்கான்’ என்று நாம் வழங்கும் செய்நேர்த்திக் கருத்து இவ்விடத்திலிருந்து பிறப்பது.

இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவின் ஐந்தாம் அத்தியாயம் வாழ்க்கைத் தேட்டத்தையும் கைத்தொழில்களையும் பற்றியது. அங்கே வேளாண்மை, கட்டடம், தச்சு, நெசவு, தையல், பேறுகாலம் பார்த்தல், மருத்துவம், இசை ஆகியவற்றோடு எழுத்தணியையும் ஒரு கைத்தொழிலாகவே அவர் வைக்கிறார். இறைமறையைப் படியெடுக்கும் எழுத்துக் கலையைத் தச்சுக்கும் நெசவுக்கும் அருகில் வைப்பதில் அவருக்கு எந்தக் கூச்சமும் இல்லை. தச்சுத் தொழிலுக்கு வடிவியல் அறிவு இன்றியமையாதது என்று கூறி, கிரேக்க வடிவியல் ஆசான்கள் தச்சுக் கலையில் வல்லவர்களாக இருந்தார்கள் என்றும் எடுத்துக்காட்டுகிறார். கைத்தொழில் என்பது செயலும் சிந்தனையும் ஒருங்கே சேர்ந்த ஒரு ‘மலகா’ என்பது அவர் தரும் இலக்கணம். மலகா என்பது திரும்பத் திரும்பச் செய்வதால் உள்ளத்தில் வேர் பிடித்துவிடும் ஆற்றல்.

எழுத்தணியின் வரலாறும் இதையே காட்டுகிறது. கி.பி. 940இல் மறைந்த பக்தாத் அமைச்சர் இப்னு முக்லா, எழுதுகோல் முனையின் புள்ளியையும் அலிஃப் என்ற நேர்கோட்டையும் அந்த அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்தையும் அடிப்படையாக வைத்து எழுத்துகளுக்கு விகித முறை வகுத்தார். அவருடைய வழியைச் செம்மைப்படுத்திய இப்னுல் பவ்வாப், ஒரு வாயிற்காவலரின் மகன். தொடக்கத்தில் வீடுகளுக்கு அலங்காரம் தீட்டும் தொழில் செய்தவர். ஹிஜ்ரி 391இல் (கி.பி. 1000-1001) அவர் எழுதிய திருக்குர்ஆன் படி இன்று டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. வீட்டுச் சுவரில் தூரிகை பழகிய கைதான் அந்தப் பக்கங்களையும் எழுதியது.

ஆகவே ‘பயன்பாடு சார்ந்த கலை’ என்று ஒருவர் கூறினால், அது குற்றச்சாட்டு என்று நாம் பதற வேண்டியதில்லை. ‘ஆம், அவ்வாறே, அதில் என்ன குறை கண்டீர்?’ என்று கேட்கும் துணிவுக்கு நம் மரபிலேயே இடமிருக்கிறது.

*

ஷெம்ஸாவுக்கு இத்துணிவு உடனே வரவில்லை. ஸ்லேட் பள்ளியில் நிலைகுலைந்து நின்ற நாள்களில் அவர் பற்றிக்கொண்ட கை, சுவிட்சர்லாந்தில் பிறந்த ஓவியர் பால் கிளேயுடையது. கிளேயின் வடிவங்களில் தம் முன்னோரின் வடிவியலை ஷெம்ஸா அடையாளம் கண்டார். இதில் ஒரு வரலாற்றுச் சுற்று இருக்கிறது. கிளே 1914இல் துனீசியாவுக்குப் பயணம் செய்து, கைரவான் நகரின் ஒளியிலும் கட்டடங்களிலும் தம் வண்ண உணர்வைக் கண்டடைந்தவர். அரபு மண்ணிலிருந்து ஐரோப்பிய ஓவியருக்குச் சென்றது, அவர் வழியாக லாஹூர் ஓவியரிடம் இலண்டனில் திரும்பி வந்தது.

மற்றொரு செய்தி இதைவிட முக்கியமானது. கிளே 1921 முதல் 1931 வரை ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். 1919இல் தொடங்கப்பட்ட அப்பள்ளியின் கொள்கையே கலைஞனுக்கும் கைவினைஞனுக்கும் இடையே எழுப்பப்பட்ட சுவரை இடிப்பதுதான். நாற்காலியும் விளக்கும் துணியும் அங்கே பாடப்பொருள்கள். கிளே நெசவுப் பட்டறை மாணவியர்க்கும் வடிவக் கோட்பாட்டைக் கற்பித்தார். அதாவது ‘பயன்பாடு’ என்ற சொல் ஐரோப்பாவிலேயே ஒரு தலைமுறைக்கு முன்னர் பெருமைச் சொல்லாக மாறியிருந்தது. நம்மைப் பற்றிப் பேசும்போது மட்டும் அது குறைச் சொல்லாகத் தொடர்ந்தது. ஷெம்ஸாவின் மனவேதனைக்குப் பின்னால் இருந்த உண்மையான அநீதி இதுவே.

*

இனி அவருடைய ஓவியங்களுக்கு வருவோம். 1958ஆம் ஆண்டின் ஓர் ஓவியத்துக்கு ‘சுவர்’ என்று பெயர். அதைத் தொடர்ந்து ‘நகரச் சுவர்கள்’ வருகின்றன. 1961இல் ‘சதுரங்கக் காய்கள் ஒன்று’. அது இன்று இலண்டன் டேட் காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. அறுபதுகளில் ‘மீம்’ என்ற அரபு எழுத்தின் பெயரில் ஒரு வரிசை. எழுபதுகளின் இறுதியிலிருந்து ‘வேர்கள்’. இத்தலைப்புகளை ஒருசேர வைத்துப் பாருங்கள். சுவர் மறைப்பதற்கு, சதுரங்கக் காய் ஆடுவதற்கு, எழுத்து ஓதுவதற்கு, வேர் நீர் உறிஞ்சுவதற்கு. ஒவ்வொன்றும் ஒரு பணியைச் செய்யும் பொருள். ‘தூய கலை’யை நாடிய ஒருவர் இப்படிப்பட்ட தலைப்புகளைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்.

சதுரங்கக் காய் ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். காய்கள் அனைத்தும் அரைவட்டங்களாகவும் நேர்கோடுகளாகவும் சுருக்கப்பட்டு அடுக்கப்பட்டுள்ளன. இதை நவீனத்துவச் சோதனை என்று மட்டும் கூறிவிட முடியாது. இந்தியாவில் பிறந்து பாரசீகம் வழியாக அரபுலகம் சென்ற சதுரங்கத்தின் காய்கள், முஸ்லிம் நாடுகளில் நெடுங்காலமாகவே ஆனை, குதிரை உருவங்களை விட்டு நீங்கி, கையால் பற்றி நகர்த்துவதற்கு ஏற்ற உருண்டை வடிவங்களாக மாறியிருந்தன. அந்தச் சுருக்கத்தை நிகழ்த்தியவர் பெயர் தெரியாத கடைசல்காரர்களே. ஷெம்ஸா அவர்களுடைய தீர்ப்பை ஓவியத் துணிக்கு மாற்றினார். ஐரோப்பாவில் இருபதாம் நூற்றாண்டில் ‘அருவம்’ என்று பெயர் பெற்றது, இங்கே பட்டறையில் வேலையின் தேவையால் விளைந்திருந்தது. அந்த உறவை வெளிப்படுத்துவதில்தான் ஓவியத்தின் சிறப்பு இருக்கிறது.

*

ஷெம்ஸாவின் வாழ்வில் நம் கவனத்துக்குரிய மற்றொரு பகுதி அவருடைய ஆசிரியப் பணி. அவர் 1958இல் மேரி டெய்லர் என்ற ஆங்கிலப் பெண்மணியை மணந்தார். அறுபதுகளின் தொடக்கத்தில் பாகிஸ்தானுக்குத் திரும்பி வாழ முயன்றார்; அது கைகூடவில்லை. பின்னர் மனைவியின் ஊரான ஸ்டாஃபோர்டில் குடியேறி, அப்பகுதிப் பள்ளிகளில் ஓவியம் கற்பிக்கலானார். 1960இல் இலண்டன் ‘காலரி ஒன்’னில் தனிக்காட்சி நடத்தியவர், அதன் பிறகு தலைநகரின் கலைச் சந்தையிலிருந்து விலகிய வாழ்வை ஏற்றார். பகலில் பள்ளி; எஞ்சிய பொழுதில் வீட்டில் தம் சொந்த ஓவியமும் அச்சுக்கலையும். இதைப் பெரும்பாலோர் இழப்பின் கதையாகவே எழுதுகின்றனர். நிறவேற்றுமையும் புறக்கணிப்பும் அதில் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஓவியங்களைப் பார்க்கும்போது ‘இழப்பு’ என்ற சொல் போதவில்லை.

காரணம் இதுதான். அறுபதுகளிலிருந்து ஷெம்ஸா தம் கருவிகளை இரண்டே வடிவங்களுக்குள் அடக்கிக்கொண்டார்: வட்டம், சதுரம். அவற்றைப் பிளந்து, அடுக்கி, திருப்பி, வண்ணம் மாற்றி, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்த இரண்டோடு மட்டுமே உழைத்தார். அரைவட்டமும் நேர்கோடும் இணையுமிடத்தில் ரோமன் எழுத்துகளான பி, டி ஆகியவற்றின் சாயலும் அரபு எழுத்துகளின் சாயலும் ஒன்றாகத் தோன்றுகின்றன. கவராயமும் அளவுகோலும் கொண்டு எந்தப் பள்ளிச் சிறுவனும் முதல் நாள் வரையும் வடிவங்கள் இவை. ஆண்டுதோறும் புதுப்பாணி கோரும் கலைச் சந்தையில் ஒருவர் இருபது ஆண்டுகள் இரண்டு வடிவங்களுடன் இருக்க இயலுமா என்பது ஐயமே. மாதச் சம்பளம் தந்த ஆசிரியப் பணி அவருடைய ஓவியத்தை விற்பனையின் கட்டாயத்திலிருந்து விடுவித்தது. இப்னு கல்தூன் கூறும் மலகா வேர் பிடிப்பதற்குத் தேவையான கால அவகாசமும் அதனால் கிடைத்தது.

கற்பித்தலையும் கைத்தொழிலையும் இப்னு கல்தூன் ஒன்றாகவே பேசுவதை இங்கு நினைவுகூரத் தகும். மாணவனின் திறன் ஆசானின் மலகாவின் தரத்தைப் பொறுத்தே அமையும் என்பது அவர் கருத்து. நம் எழுத்தணி மரபிலும் ஆசான் தம் கைப்பட எழுதிக் காட்டிய மாதிரியைப் பார்த்தே மாணவன் பழகுகிறான். ஆசிரியன் செய்யாததை மாணவன் கற்பதில்லை. எனவே ஓவிய ஆசிரியர் ஒருவர் வீட்டில் தமக்கென்று செய்யும் படைப்புகளை ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று தள்ளுவது தவறு. அவருடைய ஆசிரியத் தகுதி அங்கேதான் நாள்தோறும் புதுப்பிக்கப்படுகிறது.

*

ஷெம்ஸாவின் எல்லா ஆக்கங்களையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ‘மீம்’ வரிசை குறித்து எனக்கு ஒரு மாறுபட்ட கருத்து உண்டு. மீம் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருப்பெயர் தொடங்கும் எழுத்து. சில அத்தியாயங்களின் தொடக்கத்தில் தனித்தனியாக ஓதப்படும் எழுத்துகளுள் ஒன்று. இதைக் கொண்டு இவ்வோவியங்களுக்கு ஆழ்ந்த சமயப் பொருள் கூறுவோர் உள்ளனர். ஓவியம் அவ்வளவு சுமையைத் தாங்குகிறதா என்பதே கேள்வி. மஸ்ஜிதின் உயர்ந்த மாடத்தில் பின்னிப் பிணைந்த கூஃபி எழுத்தைச் சாதாரணமானவர் படிக்க இயலாது என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு வசனம் இருக்கிறது, முயன்றால் படித்துவிடலாம். ஷெம்ஸாவின் மீம் எந்தச் சொல்லோடும் சேரவில்லை. வட்டத் தலையும் கீழிறங்கும் வாலுமாக அது திரும்பத் திரும்ப வருகிறது. சில ஓவியங்களில் வெறும் சின்னமாக உறைந்துவிடுகிறது. எழுத்தின் பயன் வாசிப்பு. அந்தப் பயனை நீக்கியவுடன் அழகும் சற்றே மெலிந்து போவதை இங்கே காண்கிறோம். இது என் வாதத்துக்கு எதிரானதன்று, துணையானதே. பயனோடு பிணைந்திருக்கையில் ஷெம்ஸாவின் வடிவங்கள் வலுவாக நிற்கின்றன; அதிலிருந்து முற்றிலும் அறுபடும்போது அலங்காரமாகத் தளர்கின்றன.

‘வேர்கள்’ வரிசையில் இந்தத் தளர்ச்சி இல்லை. இவை அளவில் சிறியவை. ஒரு கையெழுத்துப் படியின் பக்கம் போலவும் கம்பளத்தின் ஓரக்கரை சூழ்ந்த நடுப்பகுதி போலவும் அமைந்த சட்டகத்தில், மேலே எழுத்துச் சுழிப்புகளாலான செடி, கீழே மண்ணுக்குள் படரும் வேர்க்கோடுகள். கம்பள வணிகக் குடும்பத்தின் பிள்ளையும், உருது எழுத்தாளரும், வட்டமும் சதுரமும் பழகிய ஓவிய ஆசிரியரும் இங்கே ஒருவராகின்றனர். செடி எழுத்தாக நெளிகிறது. ஆனால் எந்தச் சொல்லையும் ஓதுவதாகப் பாவனை செய்வதில்லை. எனவே மீமில் எழுந்த கேள்வி இங்கே எழவில்லை. பக்கம், கம்பளம் ஆகிய இரண்டும் மனிதக் கை தொட்டுப் புழங்கும் பொருள்கள். அவற்றின் ஒழுங்கை ஓவியம் பணிவோடு ஏற்றுக்கொள்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வகுப்பறையில் தம்மைக் காயப்படுத்திய சொல்லோடு ஓவியர் சமாதானம் செய்துகொண்டதாகவே எனக்குப் படுகிறது.

இவ்வரிசையைப் பாகிஸ்தானில் காட்சிக்கு வைக்க அவர் ஆயத்தமாகிக் கொண்டிருந்தார். 1985 தொடக்கத்தில் ஸ்டாஃபோர்டில் இறையடி சேர்ந்தார். அவ்வாண்டே அக்காட்சி அவரில்லாமல் பாகிஸ்தானில் நடந்தது. 1989இல் இலண்டன் ஹேவர்ட் காட்சியகத்தில் ரஷீத் அராயீன் அமைத்த ‘மற்றொரு கதை’ என்ற கண்காட்சியில் அவருடைய ஓவியங்கள் இடம்பெற்றன. அத்தலைப்பு கோம்பிரிச்சின் நூற்பெயரையும் நம் நினைவுக்குக் கொண்டுவருகிறது. 2015இல் டேட் பிரிட்டன் அவருக்கெனத் தனிக்காட்சி ஒன்றை அமைத்தது. இஃப்திகார் தாதி தொகுத்த ஆய்வு நூலும் அவ்வாண்டு வெளிவந்தது.

அங்கீகாரம் முப்பது ஆண்டு தாமதமாக வந்தது என்று நாம் வருந்தலாம். ஆனால் இச்செய்தியை, ‘பாருங்கள், மேற்கே ஏற்றுக்கொண்டுவிட்டது’ என்று கொண்டாடுவோமானால், தொடங்கிய இடத்துக்கே திரும்பி விடுவோம். ஷெம்ஸாவின் வாழ்வு நம்மிடம் கேட்பது வேறு. இப்னு கல்தூனின் முகத்திமாவை அஸபிய்யத் கோட்பாட்டுக்காகப் புரட்டுகிற நாம், கைத்தொழில் அத்தியாயத்தையும் அதே மதிப்போடு படிக்க வேண்டும். அரபுக் கல்லூரி மாணவன் பலகையில் எழுதும் மீமின் தலை வட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பது வெறும் கையெழுத்துத் திருத்தமன்று. இப்னு முக்லாவின் விகித முறை அவன் கைக்கு இறங்குகிறதா என்று பார்ப்பதாகும். ஓவியத்தில் நாட்டமுள்ள பிள்ளையைப் பார்த்து ‘இதனால் என்ன பயன்?’ என்று கேட்கும் பெற்றோர், தாம் அறியாமலே ஒரு நல்ல கேள்வியைத்தான் கேட்கின்றனர். அதைத் தடையாக எழுப்பாமல், விடை தேடும் கேள்வியாக அப்பிள்ளையிடம் ஒப்படைத்தால் போதும். அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான் என்ற நபிமொழியையும், தம் கையால் உழைத்து உண்டவரைச் சிறப்பித்த நபிமொழியையும் நாம் தனித்தனியே மேற்கோள் காட்டி வருகிறோம். அவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் நமக்கென ஓர் அழகியல் கிடைக்கும். அதைக் கொண்டு ஷெம்ஸாவை அளந்தால், அவருக்குத் தற்காப்பு வாதம் எதுவும் தேவைப்படாது.